ரொட்டி 4 நட்சத்திரம், பல்குச்சிப் பாடம் 5

சுங்கை சிப்புட் ரயில் நிலையத்துக்குப் போற வழியில இருக்கிற ஒட்டுக்கடை. ஞாயிறு காலையில பசியாறப் போனேன். ரொட்டி சானாய் ஓரம் மொறுமொறு, நடுவுல பஞ்சு. பருப்புக் குழம்பு மட்டும் தண்ணி. கேட்டா, "கொஞ்சம் சம்பல் சேர்த்துக்குங்க மாமா"ங்கிறான் பையன்.

கடைக்கார அண்ணன் மகள் அமெரிக்காவுல கேம்பிரிட்ஜ்ல படிக்குது. அங்க 1941லேர்ந்து நகர மன்றத் தேர்தல்ல வேட்பாளர்களை 1, 2, 3ன்னு வரிசைப்படுத்தித்தான் ஓட்டுப் போடுறாங்க. அண்ணன் மேசையில பல்குச்சியைக் கொட்டிக் காட்டினார்: மொத்தம் 100 ஓட்டு, 9 இடம்னு வைங்க. இடத்தை விட ஒண்ணு கூட, அதாவது பத்தால ஓட்டை வகுத்து ஒண்ணு கூட்டினா 11. அதை எட்டினவர் ஜெயிச்சார். 14 வாங்கினவரோட மிச்சம் 3, அந்த ஓட்டுக்காரங்களோட அடுத்த விருப்பத்துக்குப் போகும். கடைசியில நிக்கிறவரை நீக்கி, அவர் ஓட்டையும் அப்படியே பிரிப்பாங்க. சின்னக் கூட்டமும் ஒண்ணா நின்னா ஒரு நாற்காலி வாங்கிடலாம். நம்ம மலேசியாவுல 1965ல நிறுத்தின ஊராட்சித் தேர்தலே இன்னும் திரும்பல, கவுன்சிலர் எல்லாம் நியமனம்தான்!

கதை கேட்டதுல தே ஆறிப்போச்சு. இன்னொண்ணு ஆத்தித் தந்தார், பில்லுல சேர்க்கவும் மறக்கல. 2 ரொட்டி, 2 தே: 7 வெள்ளி 20 காசு. 9 மணிக்குள்ள போங்க, சம்பல் தீர்ந்துடும்.