முல்லைத்தீவு மணலில் எந்தக் குப்பைத் தொட்டி நின்றுபிடிக்கும்?

கடற்கரைக்கென்று சபைகளும் சங்கங்களும் வெளிநாட்டு உறவுகளும் வாங்கிக் கொடுக்கிற தொட்டிகளில் பல, தார் வீதிக்காகச் செய்யப்பட்டவை. கொழும்பில் ஓடுகிற பொருள் இங்கேயும் ஓடும் என்று நினைத்து ஓடர் கொடுத்துவிடுகிறார்கள். முல்லைத்தீவு நகரக் கரை, தெற்கே அளம்பில், செம்மலை, நாயாறு, வடக்கே வட்டுவாகல், முள்ளிவாய்க்கால் என்று நீளும் இந்த மணலில் உப்புக்காற்று, கட்டாக்காலி மாடு, காகம், நாய், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எல்லாவற்றுக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும். வன்னிக் கரைகளில் காணக்கூடிய ஐந்து வகைத் தொட்டிகளையும் சில கைக்கருவிகளையும் அந்தக் கண்ணோடு எடைபோடுகிறது இந்த மதிப்பீடு. தொட்டி யாருடையது என்ற கேள்வியும் கூடவே வரும். அதற்குப் பதில் இல்லாத இடத்தில் எந்தத் தொட்டியும் தேறாது.

காற்றில் தொடங்குவோம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோழகம் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. மணலில் விட்ட சொப்பிங் பை அன்றிரவே கடலுக்குப் போய்விடும், அடுத்த நாள் கரை துப்புரவாகத் தெரியும். மார்கழி, தையில் வாடை எதிர்ப்பக்கமாக அடித்து, கடலில் கிடக்கிற எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். ஆகவே இங்கே மூடி இல்லாத தொட்டி வருடத்தில் பாதிக்குக் கடலுக்குக் குப்பை ஊட்டுகிற கருவி.

சில்லு வைத்த 240 லீற்றர்ப் பச்சைத் தொட்டி நகரத்தில் நல்ல பொருள். ஒரு மீற்றருக்குச் சற்று மேலான உயரம், 96 கிலோ வரை தாங்கும் தரம். ஆனால் அதன் சில்லின் விட்டம் 20 சென்ரிமீற்றர்தான். காய்ந்த மணலில் அது உருளாது, உழும். சில்லைக் கோர்க்கிற இரும்பு அச்சு உப்பில் துருப்பிடித்து இறுகிவிடும், மூடிப் பிணைச்சலின் ஊசி முறிந்து மூடி தொங்கும். பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தத் தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கப் பின்னால் தூக்கி பூட்டிய லொறி வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியோடு வருகிற தொழிலாளிகள் இருவர் அதை நெஞ்சு உயரத்துக்கு மேலே தூக்க முடியாது. அதனால் மணலில் சரித்துக் கொட்டி, சவளால் அள்ளி ஏற்றுகிறார்கள். அள்ளியதில் கால்வாசி மணல், மணலில் மிஞ்சியது கால்வாசிக் குப்பை. வாகனத் தரிப்பிடம் கொங்கிறீற்றாக இருந்து, தூக்கி பூட்டிய லொறியும் வந்தால் வாங்கலாம். இரண்டில் ஒன்று இல்லையென்றால் வேண்டாம்.

இரும்பு எண்ணெய்ப் பரல் இலவசமாகக் கிடைக்கும் என்பதே அதன் ஒரே சிறப்பு. அடி விளிம்பில் தண்ணீர் தங்கி அங்கிருந்துதான் துரு ஏறும். அடி கழன்றபின் குப்பை நிற்கும், பரலைத் தூக்கினால் வளையம் மட்டும் கையோடு வரும். துருப்பிடித்த விளிம்பு பிள்ளைகளின் கையைக் கிழிக்கும். பழைய இரும்பு எடுக்க வருகிறவர்களின் கண்ணும் அதில்தான். இதையெல்லாம்விட, இரும்பைக் கண்டால் யாராவது தீ வைத்துவிடுகிறார்கள். பொலித்தீன், பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பரிலிருந்து சட்டப்படி தடை. பரலுக்குள் எரித்தாலும் திறந்த வெளிதான்.

மீன் வடிவில் கம்பிவலையால் செய்த போத்தல் கூடு படம் எடுக்க அழகு. வெறும் தண்ணீர்ப் போத்தல் சேர்க்க மட்டும் என்றால் நல்லது: உள்ளே இருப்பது தெரிகிறபடியால் சனம் அதில் சோற்றுப் பார்சலைப் போடத் தயங்கும், துப்புரவான போத்தலை மீள்சுழற்சிக்காரரும் எடுப்பார். ஓடர் கொடுக்கும்போது மூன்று விடயம் கவனியுங்கள். வலைக்கண் 25 மில்லிமீற்றருக்கு மேல் போனால் மூடிகள் விழும். கதவு வாலில் அல்ல, வயிற்றின் அடியில் இருக்க வேண்டும். வாலில் வைத்தால் ஒருவர் உள்ளே தவழ்ந்துதான் எடுக்க வேண்டிவரும். கதவுக்கு இரும்புப் பூட்டுப் போடாதீர்கள், நைலோன் கயிற்று முடிச்சுப் போதும். கோழிக்கூட்டு வலையில் செய்தால் மாடு ஒரு முறை உரசினாலே மீன் சப்பையாகிவிடும்.

ஐந்து நிறத் தொட்டி வரிசை: பச்சை உக்குவது, நீலம் கடதாசி, செம்மஞ்சள் பிளாஸ்டிக், சிவப்பு கண்ணாடி, கபிலம் உலோகம். திட்டம் நல்லது. ஐந்தையும் ஒரே பெட்டியில் கொட்டி ஏற்றுவதைச் சனம் ஒரு நாள் கண்டால் போதும், அதோடு பிரித்துப் போடுகிற பழக்கம் முடிந்தது. பிரித்து ஏற்ற வசதியில்லாத சபைப் பகுதியில் இரண்டு போதும்: ஒன்று எல்லாவற்றுக்கும், ஒன்று கண்ணாடிப் போத்தலுக்கு மட்டும். கண்ணாடியைக் கட்டாயம் பிரிக்க வேண்டும். சாராயப் போத்தல் உடைந்து மணலுக்குள் போனால் வெறுங்காலோடு கரைவலை இழுக்கிறவர்களுக்குத்தான் வெட்டு. பழைய பியர்க் கிறேற் இரண்டை ஒரு மரத்தோடு கட்டிவைத்தால் வேலை முடிந்தது.

இனி நாங்கள் பரிந்துரைக்கிற பொருள்: 200 லீற்றர் நீலப் பிளாஸ்டிக் பரல், வாய் முழுவதும் திறக்கிற வகை. வெறும் பரல் ஒன்பது கிலோவுக்குக் கிட்டத்தான், ஒருவரே தூக்கலாம். வாங்கும்போது பக்கத்து லேபிளை வாசியுங்கள், உணவுப் பொருள் வந்ததை மட்டும் எடுங்கள், கிருமிநாசினி வந்த பரல் வேண்டாம். பெருவிரலால் அழுத்தி, கையில் சுண்ணாம்புபோல வெள்ளைத் தூள் ஒட்டினால் வெயிலில் வெந்த பரல், விட்டுவிடுங்கள்.

மூடியின் நடுவில் 20 சென்ரிமீற்றர் வட்ட ஓட்டை வெட்ட வேண்டும். ஒன்றரை லீற்றர்ப் போத்தலும் சுருட்டிய பார்சலும் போகும். வீட்டுக் குப்பை கட்டிய பெரிய பை போகாது. கரைத் தொட்டி நிரம்புவது சுற்றுலா வந்தவர்களால் மட்டுமல்ல, பக்கத்து வீடுகளும் கடைகளும் இரவில் கொண்டுவந்து திணிப்பதாலும்தான். இந்த ஓட்டை அதை அடக்கும். காகமும் உள்ளே இறங்கப் பயப்படும். மூடியைப் பிடிக்கிற இரும்பு வளையம் துருப்பிடிக்கும், அதைக் கழற்றி எறிந்துவிட்டு மூன்று இடத்தில் நைலோன் கயிறு கட்டுங்கள்.

அடியில் பத்துத் துளை, ஒவ்வொன்றும் 12 மில்லிமீற்றர். அடித்துளை மணலாலும் சோற்றாலும் அடைபடும், ஆகவே பக்கச் சுவரிலும் அடியிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் மேலே நாலைந்து போடவேண்டும். துளை இல்லாத பரலில் கால்வாசி மழைத்தண்ணீர் நின்றாலே 50 கிலோ, ஒருவரும் தொடமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதில் நுளம்பும் பெருகும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நின்றால், தொட்டி வைத்த நல்ல மனிதரே குற்றவாளி ஆகிவிடுவார்.

நிறுத்துகிற முறைதான் முக்கியம். வேலிக்குப் போடுகிற கொங்கிறீற்றுத் தூண் இரண்டை 75 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதைத்து, நடுவில் பரலைத் தொங்கவிட வேண்டும். பரலின் இரு பக்கமும் அடியிலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்தில் துளைத்து ஒரு குழாயைக் குறுக்கே செருகினால், பாரத்தின் நடு குழாய்க்குக் கீழே இருக்கும், பரல் தானாக நிமிர்ந்து நிற்கும். மூடியைக் கழற்றித் தள்ளினால் கவிழும். கீழே தறப்பாள் விரித்து அதில் கொட்டி, நாலு மூலையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் ஏற்றலாம். மணல் அள்ள வேண்டியதில்லை. பரலின் அடி மணலிலிருந்து 20 சென்ரிமீற்றராவது மேலே இருக்கட்டும். மணல் ஏறி மூடுவதும் நாய் புரட்டுவதும் இதனால் நிற்கும். தூணுக்குக் கொங்கிறீற்றுத் தளம் போட நினைத்தால் முதலில் கரையோரம் பேணல் திணைக்களத்தைக் கேளுங்கள். உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கரையோர வலயம், அங்கே கட்டுமானத்துக்கு அனுமதி வேண்டும்.

இடம்: தண்ணீர் ஓரத்தில் ஒருபோதும் வேண்டாம். லான்ட்மாஸ்டர் அங்கே இறங்கினால் சில்லுப் புதையும், பெரிய உழவு இயந்திரம் இறங்கினால் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் நசிந்து மணல்மேடு கரையும், ஆமை முட்டையும் தப்பாது. மணலிலிருந்து வாகனத்துக்குத் திரும்பி வருகிற பாதையில், வீதியிலிருந்து பத்து மீற்றருக்குள் வையுங்கள்.

எத்தனை பரல்? ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று பார்சல் சாப்பாடு, மூன்று பெரிய தண்ணீர்ப் போத்தல், ஐஸ்கிறீம் கப் என்று வந்தால் நசுக்காமல் பத்து லீற்றர் இடம் பிடிக்கும். போத்தல் மட்டும் அதில் பாதி. இருபது குடும்பத்துக்கு ஒரு பரல் என்று கணக்குப் போடலாம். போத்தலை மிதித்து நசுக்கிப் போடச் சொல்லி மூடியில் எழுதினால் முப்பதாகும். வவுனியா, கிளிநொச்சியிலிருந்து பஸ் பிடித்து வருகிற பாடசாலை விடுமுறைக் காலத்துக்கும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை ஒட்டிய வைகாசி நாட்களுக்கும் இந்தக் கணக்குப் பத்தாது. அந்த நாட்களுக்கு மட்டும் மரச்சட்டத்தில் உரப்பை மாட்டிய தற்காலிகத் தொட்டிகள் நல்லவை, மலிவு. ஆனால் அன்றிரவே கழற்ற வேண்டும். சில மாதம் வெயிலில் விட்ட உரப்பையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்: கையில் வெள்ளை நார் நாராக உதிர்ந்து, உள்ளிருந்தது காலடியில் கொட்டும். அந்த நாரைப் பிறகு பொறுக்க வழியே இல்லை.

இப்போது பொறுப்பு. முல்லைத்தீவில் நகரசபை கிடையாது, நகரக் கரையும் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையின் எல்லைக்குள்தான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93 தொடக்கம் 95 வரையான பிரிவுகள் குப்பை அகற்றலைச் சபையின் கடமையாக்குகின்றன, சேர்த்த குப்பையும் சபையின் சொத்து. கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபைக்கு 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன் வேலை கடல் மாசடைவு. மத்திய சுற்றாடல் அதிகார சபை பிளாஸ்டிக் தடைகளைப் பார்க்கிறது. இத்தனை பேர் இருப்பதால்தான் தொட்டி நிரம்பி வழியும்போது ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார். குப்பையை ஏற்றுகிற கடமை சபைக்கு. அதில் குழப்பம் வேண்டாம்.

ஆனால் சபைக்கு முன்னால் நிற்க வேண்டியவர் விற்கிறவர். ஐஸ்கிறீம் வான், கச்சான் வண்டி, சாப்பாட்டுக் கடை எல்லாம் அனுமதி பெற்றே நடக்க வேண்டியவை. அந்த அனுமதிப் பத்திரத்தில் ‘சொந்தப் பரல் ஒன்று, சுற்றிப் பத்து மீற்றர் துப்புரவு’ என்று இரண்டு வரி சேர்த்தால், சபையின் உழவு இயந்திரத்துக்குப் பாதி வேலை குறையும். பிளாஸ்டிக் கரண்டியும் கோப்பையும் ஸ்ட்ரோவும் 2023 ஒக்டோபர் 1 முதல் தடை, லஞ்ச் சீட் 2017 முதல் தடை. மணலைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்பது வேறு கதை. விற்கிற இடத்தில் பிடிப்பது, பொறுக்குகிற இடத்தில் பிடிப்பதைவிட எளிது.

வலைத்துண்டும் கயிறும் கடற்றொழிலாளர் சங்கத்தின் கணக்கு. ஒற்றை நைலோன் இழையால் பின்னிய தங்கூசி வலை ஏற்கெனவே தடைசெய்யப்பட்டது, அது கரையில் கிடந்தால் சங்கத்தைக் கேட்பதே சரி. புதைந்த வலையை உழவு இயந்திரத்தில் கட்டி இழுக்காதீர்கள், மேலே தெரிகிறதைக் கத்தியால் வெட்டி எடுங்கள்.

கருவிகளில், தோட்ட வாரி மேலே கிடக்கிற பைக்கும் போத்தலுக்கும் போதும். மூடி, சிகரெட் துண்டு எல்லாம் பல்லுக்கிடையில் நழுவும். அதற்குக் கட்டட வேலைக்கு விற்கிற ஐந்து மில்லிமீற்றர் அரிதட்டு நல்லது. மத்தியானத்துக்குப் பிறகு, மணல் காய்ந்திருக்கும்போது அரியுங்கள். ஈர மணல் இறங்காது. 2025 மே 25இல் கேரளக் கரைக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபின் மன்னார்ப் பக்கம் ஒதுங்கியது போன்ற பிளாஸ்டிக் மணிகளுக்கு இந்த அரிதட்டு உதவாது, மணி அதைவிடச் சிறியது. வாளியில் கடல்தண்ணீர் நிரப்பி மணலைக் கொட்டிக் கலக்கினால் மணி மிதக்கும், தேநீர் வடியால் அள்ளலாம்.

வன்னிக்கு மட்டுமான ஒரு கட்டளை. முள்ளிவாய்க்கால் பக்கத்திலும் போர் நடந்த மற்றக் கரைகளிலும் வாரி மேற்பரப்போடு நிற்க வேண்டும், மண்வெட்டி வேண்டாம், பிள்ளைகளைத் தோண்ட விடவேண்டாம். துருப்பிடித்த உலோகம் வெடிக்காத குண்டாக இருக்கலாம், எதையும் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிசின் 119க்குச் சொல்லுங்கள்.

சிரமதானத்தின் நாளையும் மாற்ற வேண்டும். உலகம் முழுவதும் செப்டெம்பர் மூன்றாம் சனிக்கிழமை கரை கூட்டுகிறது. எங்கள் கிழக்குக் கரையில் வாடை கொண்டுவந்து கொட்டுவது அதற்குப் பிறகு. தை கடைசியில் ஒரு நாள் வைத்தால் பயன் அதிகம், வைக்க முன்னர் சபையிடம் உழவு இயந்திரம் வரும் நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கட்டிய மூட்டை இரவு தங்கினால் விடிய நாயும் மாடும் அவிழ்த்துவிடும்.

பரலுக்குத் திரும்பினால், அதில் இரண்டு விடயம் எழுதப்பட வேண்டும்: எந்த நாள் எடுப்பார்கள், எந்த இலக்கத்துக்கு அழைப்பது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கும் திங்கள் காலையிலும் எடுப்பது கட்டாயம். வெள்ளை எனாமல் பூச்சு வழுவழுப்பான பரலில் உரிந்துவிடும். மண்கடதாசியால் தேய்த்துவிட்டுப் பூசுங்கள், வருடம் ஒரு முறை புதுப்பியுங்கள். எடுக்கிற நாளைச் சொல்ல யாரும் இல்லையென்றால் அந்தப் பரலைத் துளைத்துக் கரையில் வைக்காமல், முழுசாக வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி பிறந்ததும் கரையோர வரிசையில் பாதியைக் கழற்றி நிழலில் கவிழ்த்து அடுக்கிவிடுங்கள். தூண் அங்கேயே நிற்கட்டும்.