‘கழுவலாம்’ என்று பெட்டியில போட்ட ட்ரிம்மரும் ‘கடை வாரண்டி’யும்

மட்டக்களப்பு டவுனில தாடி ட்ரிம்மர் வாங்கப் போற ஆக்கள் இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்க. கடைப் பெயர் போடல்ல. முறைப்பாடு இன்னும் போய்க்கொண்டிருக்கு.

விலை 8,500 ரூபாய். பெட்டி எல்லாருக்கும் தெரிஞ்ச பிராண்ட் ஒன்றுட பெட்டி. லித்தியம் பேட்டரி, 2000 எம்ஏஎச் (பேட்டரி பிடிக்கிற சார்ஜ் அளவு), ஐபிஎக்ஸ்7 (தண்ணி தாங்குற தரக் குறியீடு), குழாய்த் தண்ணியில கழுவலாம் என்று எல்லாம் அடிச்சிருந்தது. கடைக்காரர்ட்ட வாரண்டியைக் கேட்டேன். “ஒரு வருஷம் அண்ணன், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க” என்று சொல்லி பில்லில கையால எழுதியும் தந்தார்.

எங்கட வீடு கல்லடியில, கடல் பக்கம். உப்புக்காத்துக்கு ஜன்னல் கொண்டியே துருப்பிடிக்கிற இடத்தில ட்ரிம்மர் பிளேட்டை அழுக்கோட வைக்கேலாது. பெட்டியில சொன்னபடி கழுவித் துடைச்சுத்தான் வச்சேன். கொஞ்ச நாளிலேயே சத்தம் மாறிச்சு. முடியை வெட்டாமல் கவ்விப் பிடிச்சு இழுக்கத் தொடங்கிச்சு, கண்ணால தண்ணி வரும். மறுகா ஒரேயடியா நின்டுட்டு.

கடைக்குக் கொண்டு போனா, பிளேட்டைக் கழற்றி ஒரு பார்வை பார்த்துட்டு, “தண்ணி போயிருக்கு அண்ணன், தண்ணிக்கு வாரண்டி இல்ல” என்றார். கழுவலாம் என்று போட்டிருக்கிறதைக் காட்டினேன். “அது கம்பெனிக்காரன் அடிக்கிறது.” சரி, அப்ப கம்பெனிக்கு அனுப்புங்க என்றேன். “இது கம்பெனி வாரண்டி இல்ல அண்ணன், கடை வாரண்டி.” மேசைக்கு மேல ‘விற்ற பொருட்கள் மீள எடுக்கப்படமாட்டாது’ போர்டு. அதையும் கையால காட்டினார். பிழை என்றால் கம்பெனிட, வாரண்டி என்றால் கடைட. ரெண்டுக்கும் நடுவில என்ட 8,500 போயிட்டு.

போன் திருத்துற தம்பி ஒருவர்ட்டக் குடுத்துத் திறந்து பார்த்தோம். ரெண்டு பாதி மூடியும் சேருற விளிம்பில, தண்ணி உள்ளுக்குப் போகாமல் தடுக்கிற ரப்பர் வளையம் இருக்க வேண்டிய காடி சுத்திவர இருக்கு. வளையத்தைக் காணல்ல. விழுந்ததில்லை, போடவே இல்ல. காடிக்குள்ள பிளாஸ்டிக் பிசிறு அப்படியே நிக்குது. பேட்டரி இன்னும் அழகு. பச்சை உறை போட்ட ரிமோட் பேட்டரி சைஸ் ஒன்று. நிக்கல் மெட்டல் ஹைட்ரைட், 1.2 வோல்ட், 600 எம்ஏஎச் என்று அதிலயே எழுதிக் கிடக்கு. லித்தியம் செல் என்றால் 3.7 வோல்ட் அளவில இருக்கும். ஐபிஎக்ஸ்7 என்றா, ஒரு மீட்டர் ஆழத் தண்ணிக்குள்ள 30 நிமிஷம் கிடந்தாலும் பழுதாகக் கூடாது. இது குழாய்க்கே தாங்கல்ல. கொழும்பில இருக்கிற அந்த பிராண்டுட ஏஜென்டுக்குப் பெட்டியில இருந்த சீரியல் நம்பரைச் சொன்னேன்; அப்படியொரு நம்பர் தங்களிட்ட இல்லையாம்.

அதனால வாங்கும்போது பில்லைத்தான் முதல்ல பாருங்க. வெறுமனே ‘ட்ரிம்மர் 1’ என்று எழுதினா வாங்காதீங்க. மாடல், சீரியல் நம்பர், வாரண்டி ஆருடையது என்று மூன்றும் அதில வரவேணும். 2003ம் ஆண்டு 9ம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி நாம கேட்டா வியாபாரி பில் தந்தேயாக வேணும். அடுத்தது, இதுக்கு மாற்றுப் பிளேட் தனியா வாங்கலாமா என்று கேட்டுப் பாருங்க. போலிச் சாமான் விற்கிறவர்ட்டப் பதில் வராது, பேச்சு வேற பக்கம் திரும்பும். கடையிலயே ஓட விட்டும் பாருங்க. அசையுற பிளேட்டுட பல்லு, நிலையான பிளேட்டுட பல்லுக்குக் கொஞ்சம் உள்ளுக்கு நிக்கவேணும். வெளிய நீட்டினா தோலைக் கிழிக்கும்.

கனடா, அமெரிக்காவில இருந்து சொந்தக்காரர் கொண்டு வந்து தாற, வயரைச் சொருகி ஓட்டுற முடி வெட்டுற கிளிப்பரும் கவனம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம்மட கரண்ட் 230. அப்படியே சொருகினா கதை முடிஞ்சுது.

நல்ல சாமானையும் நாமளே கெடுக்கிற ஒரு வேலை இருக்கு: தேங்காயெண்ணெய். நம்மட ஆக்கள் கதவுக் கீலில இருந்து எல்லாத்துக்கும் அதைத்தான் விடுறது. நான் முடி வெட்டுற சலூன் அண்ணன் சொல்லுவார், அது முடித்தூளோட சேர்ந்து பசையாகிப் பிளேட்டை இறுக்கிப் போடும் என்று. தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் ஓட விட்டுத் துடைச்சாக் காணும். கழுவினா நல்லாக் காய்ஞ்ச பிறகுதான் எண்ணெய். பாத்ரூமுக்குள்ள வைக்க வேணாம்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுத்திருக்கேன். பில், பெட்டிப் படம், அந்தப் பச்சைப் பேட்டரிட படம் எல்லாம் சேர்த்து. அவங்கட நம்பர் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள்ள எழுத்தில குடுக்கவேணும், அதால இதே மாதிரி மாட்டினவங்க பில்லை இப்பவே தேடி எடுங்க. கடை எது என்று தெரிய வேணுமென்றா இன்பாக்ஸுக்கு வாங்க.