கூத்துப் பதிவுக்கு றீப்பர்: ட்ராக் அடுக்குவதில் எப்படி?

எட்டு ட்ராக் வரைக்கும், அதாவது தனித்தனியாக நிற்கிற எட்டுச் சத்த வரிசை வரைக்கும், எந்த ஒலிப்பதிவுச் சொஃப்ட்வெயரும் நல்லதாகத்தான் இருக்கும். அதற்கு மேலே போகும்போதுதான் அதன் குணம் தெரியவரும். மட்டக்களப்பு, கல்லடியில் சின்னதாக ஒரு ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். கோயில் பாட்டு, கடை விளம்பரம், லவுட்ஸ்பீக்கர் அறிவித்தல் என்று எது வந்தாலும் செய்வேன். ஆனால் மனம் வைத்துச் செய்வது கூத்துத்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், கூத்தாடுகிற களரிக்கு மைக்குகளைக் கொண்டுபோய், விடியவிடியப் பதிந்துகொண்டு வந்து, மறுகா அறையில் இருந்து பிரித்து அடுக்குகிற வேலை. அதற்கு நான் பாவிப்பது றீப்பர் என்ற ஒலிப்பதிவுச் சொஃப்ட்வெயர். அதில் ட்ராக்குகளைக் கையாளுகிற விதத்தை மட்டும்தான் இங்கே எழுதுகிறேன். சத்தத்தை மாற்றுவதற்கு உள்ளே சேர்க்கிற பிளகின் கதையெல்லாம் இணையத்தில் நிறையக் கிடக்கிறது.

கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கிற வின்அம்ப் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: அதைச் செய்த ஜஸ்டின் ஃபிராங்கல்தான் றீப்பரையும் தொடக்கியவர். கம்பனியின் பெயர் கொக்கோஸ். முதல் வெர்ஷன் 2006இல் வந்தது, இப்போது ஓடுகிற 7ஆவது வெர்ஷன் 2023இல். விண்டோஸ் இன்ஸ்டோலர் 20 எம்பிகூட வராது. நம்முடைய டேட்டாவுக்கு அது பெரிய ஆறுதல்.

திறந்தவுடன் சாம்பல் நிறத்தில் வெறும் சன்னல் ஒன்று வரும். முதல் தடவை பார்க்கிற ஆளுக்குக் கொஞ்சம் வயிறு கலக்கும். மற்ற சொஃப்ட்வெயர்கள் பல, திறக்கும்போதே ட்ரம்ஸ், பேஸ், கிற்றார், குரல் என்று ஆயத்தமான ட்ராக் வரிசையைக் கொண்டுவந்து நீட்டும். நமக்கு அது என்னத்துக்கு? நமக்கு வேண்டியது கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரின் குரல், மத்தளம், சல்லரி என்கிற கைத்தாளம், பின்னால் நின்று பாடுகிற பிற்பாட்டு, ஆடுகிறவர்களின் பாட்டு, அவர்கள் காலில் கிடக்கிற சலங்கை. றீப்பரில் ட்ராக்குக்குச் சாதி கிடையாது. குரலைப் பதிந்தாலும், கீபோர்டில் வாசித்த மிடி போட்டாலும், நாலு ட்ராக்கைச் சேர்த்து விடுகிற பஸ் ஆக்கினாலும், வீடியோவை வைத்தாலும் எல்லாம் ஒரே ட்ராக்தான். கண்ட்ரோலும் டியும் அமத்தினால் ஒன்று வரும். அதை என்னவாக்குவது என்பது நம்முடைய விருப்பம். இந்த ஒரு குணத்துக்காகத்தான் நான் இதில் நிற்கிறேன்.

மத்தளத்தை எடுத்துப் பாருங்கள். வலந்தலைக்கு ஒரு மைக், இடந்தலைக்கு ஒரு மைக். இரண்டுக்கும் மேலே 'மத்தளம்' என்று வெறும் ட்ராக் ஒன்றைப் போட்டு, அதன் மூலையில் இருக்கிற சின்ன ஃபோல்டர் அடையாளத்தைக் கிளிக் பண்ணி, இரண்டையும் உள்ளே தள்ளினால் முடிந்தது. தனியாக பஸ் செய்து வயர் இழுக்கிற வேலை இல்லை. உள்ளே இருப்பதன் சத்தம் தானாக ஃபோல்டர் வழியாகத்தான் வெளியே போகும். ஃபோல்டரில் கனம், கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற ஈகியூ ஒன்றைப் போட்டால் இரண்டு தலைக்கும் சேர்த்துப் போட்ட மாதிரி. ஒரு பக்கத்தில் அடிக்கும்போது தோல் ஒரு மைக்கை விட்டு விலகும், மற்ற மைக்கை நோக்கி வரும். அதனால் இரண்டையும் சேர்த்துக் கேட்டால் அடிக்கனம் வற்றிப்போய்த் தகரம் தட்டுகிற மாதிரி இருக்கும். இடந்தலை ட்ராக்கில் இருக்கிற, ஒலி அலையைத் தலைகீழாக்குகிற ஃபேஸ் பட்டனை ஒருதரம் அமத்திப் பாருங்கள். 'தொம்' என்று நெஞ்சில் விழும். அந்தப் பட்டன் ட்ராக்கின் முகத்திலேயே இருக்கிறது, பிளகினுக்குள்ளே போய்த் தேடத் தேவையில்லை.

பதிவை அமத்துவதற்கு முன்னமே ட்ராக்குக்குப் பெயர் வைத்துவிட வேண்டும். இதைப் புதிதாகத் தொடங்குகிற பொடியன்மாருக்கு எத்தனை தடவை சொன்னாலும் போதாது. றீப்பர் பதிகிற ஒவ்வொரு வேவ் ஃபைலுக்கும் ட்ராக்கின் இலக்கம், பெயர், திகதி, நேரம் எல்லாம் சேர்ந்துதான் பெயராகும். பெயர் இல்லாவிட்டால் வெறும் இலக்கமும் திகதியும்தான் மிஞ்சும். பிறகு ட்ராக்கின் பெயரை மாற்றினாலும் டிஸ்க்கில் இருக்கிற ஃபைலின் பெயர் மாறாது. நாலைந்து வருசம் கழித்து ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, எது சல்லரி எது சலங்கை என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கிற பாவம் யாருக்கும் வேண்டாம்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். சுருக்கின கூத்தென்றால் எதிலும் பதியலாம். வட்டக்களரியில் விடியும்வரைக்கும் ஆடுகிற கூத்து வேறு விசயம். 24 பிட், 48 கிலோஹேட்ஸ் தரத்தில் பதிந்தால் ஒரு மைக்குக்கு மணித்தியாலத்துக்கு அரை ஜிபிக்குக் கொஞ்சம் கூட வரும். எட்டு மைக், எட்டு மணித்தியாலம் என்றால் 33 ஜிபி. அந்த நீளத்தில் ட்ராக்குகளைப் பிரித்து வைத்தால் மட்டும் போதாது, குறுக்காகவும் வெட்ட வேண்டும். அரசன் வரவு, மந்திரி வரவு என்று ஒவ்வொரு துண்டையும் தெரிவுசெய்து ஷிஃப்ட்டும் R எழுத்தும் அமத்தினால் அது ஒரு றீஜன், அதாவது குறித்து வைத்த துண்டு. கடைசியில், துண்டுகளைத் தனி ஃபைல்களாக வெளியே எடுக்கிற றீஜன் றெண்டர் மேட்றிக்ஸ் என்ற கட்டத்தைத் திறந்தால் ஒரு பக்கம் துண்டுகள், மறுபக்கம் ட்ராக்குகள். அரசன் வரவுக்கு எல்லாம் சேர்ந்த கலவை, பழகுகிற பிள்ளைகளுக்கு மத்தளமும் சல்லரியும் மட்டும் என்று தேவையான கட்டங்களில் அடையாளம் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். வெட்டுவதற்கு முன்னம் எட்டு ட்ராக்கின் துண்டுகளையும் தெரிவுசெய்து ஜி அமத்திக் கட்டிவிடுங்கள். கட்டாமல் ஒன்றை மட்டும் நகர்த்தினால் தாளம் கெட்டுவிடும், அண்ணாவியார் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அண்ணாவியார் வந்து கேட்கிற நாளில்தான் இந்த ஒழுங்கின் அருமை தெரியும். அவருக்குத் திரையில் இருப்பது ஒன்றும் தேவையில்லை, காது மட்டும்தான். "தம்பி, பிற்பாட்டு கேக்கல்லகா" என்பார். பிற்பாட்டு ஃபோல்டரின் ஒரே ஃபேடரை ஏற்றினால் உள்ளே இருக்கிற எல்லாக் குரலும் சேர்ந்து ஏறும். "அந்த ரெண்டாவது ஆள் சுதி விட்டுட்டான், அவனத் தனியப் போடு" என்பார். ஃபோல்டரை விரித்து, அந்த ட்ராக்கை மட்டும் கேட்க வைக்கிற சோலோ பட்டனை அமத்தினால் சரி. இப்படி அங்கே இங்கே சோலோ போட்டு மறந்துபோய், 'சத்தம் எங்கே போனது' என்று முழிக்கும்போது கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஏதாவது ஒரு சோலோ பட்டனைக் கிளிக் பண்ணுங்கள். எல்லாச் சோலோவும் ஒரேயடியாக விடுபடும்.

அறையில் வைத்து ஒரு விருத்தத்தைத் திரும்பத் திரும்பப் பாடவிட்டுப் பதிகிற நேரத்தில் 7ஆவது வெர்ஷனின் லேன்கள் உதவுகின்றன. ஒவ்வொரு தடவை பாடியதும் அதே ட்ராக்குக்குள் ஒரு வரியாக நிற்கும். நல்ல இடங்களை மவுஸால் தடவி எடுத்தால் ஒரு முழுப்பாட்டு வரும், ட்ராக்குகளின் எண்ணிக்கையும் அதிகமாகாது. பழைய லப்டொப் மூச்சு வாங்கினால் ட்ராக்கை அதன் பிளகின்களோடு சேர்த்து உறையவைத்து ஃப்ரீஸ் பண்ணலாம், வேண்டிய நேரம் திரும்ப இளக்கலாம். ட்ராக் மெனேஜர் என்ற பட்டியலில் பெயரைத் தட்டித் தேடலாம், வேண்டாததை மறைக்கலாம். சின்ன வேலைக்கு அது தேவைப்படாது.

குறைகளும் இருக்கின்றன. மெனுவுக்குள்ளே மெனு, அதற்குள்ளே இன்னொரு மெனு. புதிதாக வருகிறவர் ஒரு கிழமையாவது திட்டித்தான் பழக வேண்டும். ட்ராக்கை இழுத்து இடம் மாற்றும்போது மவுஸ் ஒரு சொட்டு வலப்பக்கம் விலகினாலும் அது மேலே இருக்கிற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். ஃபோல்டரில் போட்ட ஈகியூ எல்லாம் அதிலும் ஏறும். இழுத்த பிறகு எவ்வளவு உள்தள்ளி நிற்கிறது என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். வயலின், புல்லாங்குழல், தபேலா என்று வாத்தியச் சத்தம் எதுவும் கூட வராது. கீபோர்டில் இருந்து மெல்லிசைப் பாட்டு செய்கிறவர்கள் இதை வாங்கினால் மற்றதெல்லாம் தனியாகத் தேட வேண்டும், அவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஒரு குரலில் மரண அறிவித்தல் பதிவதற்கும் இது வேண்டாம். அதற்கு இலவசமாகக் கிடைக்கிற ஓடாசிற்றி போதும், நானும் அதைத்தான் திறப்பேன். கூத்துக்கு அது சரிவராது, அதன் 3ஆவது வெர்ஷன்களில் ட்ராக்குகளை ஃபோல்டருக்குள் வைக்க வழி இல்லை.

காசுக் கணக்கு: 60 நாள் எந்தக் குறையும் இல்லாமல் முழுசாகப் பாவித்துப் பார்க்கலாம். அதன்பிறகும் நின்றுவிடாது, திறக்கும்போது 'காசைக் கட்டு' என்று ஒரு பெட்டி வந்து ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். அதைச் சாட்டாக வைத்து வருசக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. லைசன்ஸ் 60 டொலர், 7ஆவது வெர்ஷனுக்கு வாங்கினால் 8.99 வெர்ஷன் வரைக்கும் செல்லும். தொழிலில் வருசத்துக்கு 20,000 டொலருக்கு மேலே வருமானம் வருகிறவர்கள் மட்டும் 225 டொலர் கட்ட வேண்டும். மட்டக்களப்பில் கூத்துப் பதிந்து அவ்வளவு உழைக்கிற ஆள் யாரும் இருந்தால் காட்டுங்கள், அவருடைய 225 டொலரை நானே கட்டுகிறேன்.