தங்கத்தை விட்டுட்டா இந்த மெஷின் தங்கம்தான்: ஆறு வருஷ ஐசிபி-எம்எஸ் அனுபவம்

ஐசிபி-எம்எஸ்னா சாம்பிளை ஆர்கான் பிளாஸ்மா சூட்டுல அயனியாக்கி, நிறையை வெச்சு எந்த எலிமென்ட் எவ்வளவு இருக்குன்னு அளக்கிற மெஷின். என்னோடது மூணு வாரம் வேக்கம் பம்ப் ரிப்பேர்ல கிடந்து நேத்துதான் திரும்ப பிளாஸ்மா பத்திக்கிச்சு. அன்னைக்குன்னு பார்த்து கூட படிச்சவன் ஒருத்தன் போன் போட்டு "தாது சாம்பிளுக்கு ஐசிபி-எம்எஸ் வாங்கலாமாடா"ங்கிறான். அவன்கிட்ட திட்டினது போக மிச்சம் இங்க.

நல்லதை முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா பாவம். ஒரே ஓட்டத்துல நாப்பது எலிமென்ட், அதுவும் பிபிபி-க்கு (நூறு கோடில ஒரு பங்கு) கீழ, சில நிமிஷத்துல முடிச்சுடும். ஏஏஎஸ்ல (எலிமென்ட் உறிஞ்சற ஒளியை வெச்சு அளக்கிற மெஷின்) எலிமென்ட்டுக்கு ஒரு லேம்ப்னு மாத்தியே பொழுதைக் கழிச்சவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும். அயனி உள்ள போற ஓட்டை இருக்கிற கோன் அடைக்கும், ஆர்கானை நிமிஷத்துக்கு 15 லிட்டருக்கு மேல குடிக்கும், கரைஞ்ச உப்பு 0.2 சதவீதத்தைத் தாண்டினா சிக்னல் சரியும், அதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச கதை, விடுங்க.

என் சண்டை தங்கத்தோட. தங்கம் கொஞ்சம் அதிகமா இருக்கிற சாம்பிள் ஒண்ணு உள்ள போயிட்டா போதும், ட்யூப், ஸ்ப்ரே சேம்பர்னு போற வழியெல்லாம் ஒட்டிக்கிட்டு அடுத்து வர்ற பிளாங்க்லயும் (சாம்பிளே இல்லாத வெறும் கரைசல்) தங்கத்தோட நிறையான 197ல பீக் காட்டும். ஒரு தடவை ஒண்ணுமில்லாத குவார்ட்ஸ் கல்லுல தங்கம் இருக்குன்னு ரிப்போர்ட்ல கையெழுத்தே போடப் போயிட்டேன், கடைசி நேரத்துல வரிசையைப் பார்த்தா அதுக்கு முன்னாடி ஓடினது ஹை ஸ்டாண்டர்ட், அதாவது அளவு சரிபார்க்கத் தங்கம் நிறைய போட்ட கரைசல்! வெறும் நைட்ரிக் ஆசிட்ல கழுவினா அது போகாது, குளோரைடு இருந்தாத்தான் தங்கம் கரைசல்லயே நிக்கும், அதனால ஹைட்ரோகுளோரிக் சேர்க்கணும், அதுக்கும் மசியலைன்னா தயோயூரியா.

சரின்னு ஹைட்ரோகுளோரிக் சேர்த்தா ஆர்கான் 40, குளோரின் 35, ரெண்டும் ஒட்டி ஆர்கான் குளோரைடு ஆனா நிறை 75. ஆர்செனிக்குக்கு இயற்கைல இருக்கிற ஒரே ஐசோடோப்பும் 75, மெஷினுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். தங்கத் தாதுல ஆர்செனிக் கூடவே வர்ற ஆளு வேற.

இங்கதான் அந்த ஹீலியம் செல்லுக்கு (அயனி எல்லாம் ஹீலியம் வாயுவுக்குள்ள புகுந்து வர்ற அறை) கும்பிடு போடணும். ஆர்கான் குளோரைடு ஆளு பெருசு, ஹீலியத்துல அதிகமா இடிபட்டு, வெளிய வர்ற இடத்துல இருக்கிற வோல்டேஜ் தடுப்பைத் தாண்டத் தெம்பில்லாம நின்னுடும், ஆர்செனிக் தாண்டி வந்துடும். அளவு முன்னாடியே தெரிஞ்ச ரெஃபரன்ஸ் மெட்டீரியல்ல போட்டிருந்த நம்பரும் என் நம்பரும் முதல் தடவை ஒத்துப்போன அன்னைக்கு தனியா உக்காந்து சிரிச்சேன்.

ஆனா அவன்கிட்ட சொன்னது வாங்காதேன்னுதான். தங்கம்தான் முக்கியம்னா ஃபயர் அசே (தாதுவை உருக்கித் தங்கத்தைப் பிரிச்சு அளக்கிறது) பண்றவங்களைப் பிடின்னேன். "அப்போ உன்னோடதை எனக்கு வித்துடு"ங்கிறான். போனை வெச்சுட்டேன்.