ஒரே பூனை, நான்கு குவில்ட்: எந்த முறை எதற்கு?

மனசுக்குப் பிடித்த ஒன்றைச் சின்னத் துணிச் சதுரத்தில் தைத்துச் சுவரில் மாட்ட நினைப்பவர்களுக்கு, எதைத் தைப்பது என்பதில் பெரும்பாலும் குழப்பம் இருப்பதில்லை. பூனை, சைக்கிள், மழை, தோட்டத்துக் குருவி, குழந்தை கிறுக்கிய படம் என்று பதில் உடனே வந்துவிடும். எப்படித் தைப்பது என்ற இடத்தில்தான் வேலை நின்றுபோகிறது. குவில்ட் என்றால் மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல், அவ்வளவுதான். அந்த மேல்துணியில் படத்தை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

நான்கு வழிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: பசை வைத்து ஒட்டித் தைப்பது, ஊசியால் ஓரம் மடக்கிக் கையால் தைப்பது, வரைபடம் இல்லாமல் வெட்டி இணைப்பது, போட்டோவையே துணியில் அச்சடிப்பது. அளவு 12 அங்குலச் சதுரம். ஒப்பிடத் தோதாக நான்குக்கும் ஒரே விஷயம்: ஜன்னலோர வெயிலில் சுருண்டு தூங்கும் மஞ்சள் பூனை.

பசை வைத்து ஒட்டுவது

அதிகம் பேர் கையாளும் வழி இதுதான். காரணமும் எளிது, வேகமாக முடியும். ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் பசையும் கொண்ட ஃப்யூசிபிள் வெப் என்ற பசைத்தாளில் பூனையை வரைந்து, துணியின் பின்பக்கம் வைத்து இஸ்திரி போட்டு, கோட்டோடு வெட்டி, காகிதத்தை உரித்து, மேல்துணியில் வைத்து மறுபடி இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியை இழுக்கக் கூடாது. வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். இழுத்தால் காது ஒரு பக்கம் நகர்ந்துவிடும். காகிதப் பக்கம் வரைவதால் படம் இடவலமாக மாறி வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பூனைக்கு அது பெரிய விஷயமில்லை. எழுத்து இருந்தால்தான் வம்பு.

ஒட்டிய பிறகு ஓரத்தை ஒட்டினாற்போல் ஒரு தையல் வேண்டும். பசை மட்டும் போதும் என்று விட்டால் கொஞ்ச நாளில் ஓரம் எழும்பும். நேர்த்தையல், ஜிக்ஜாக், பிளாங்கெட் தையல் எதுவும் சரி. நெருக்கமாக நெய்த பருத்தியும், பாத்திக் என்ற மெழுகுச் சாயத் துணியும் நூல் பிரியாமல் நிற்கும். தளர்ந்த நெசவாக இருந்தால் ஓரம் முழுக்க நூல் நூலாக வரும். பூனைக்கு அது ரோமம்போல் அழகாகக்கூட இருக்கலாம். சைக்கிள் சக்கரத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது.

இந்த முறையின் பலவீனம் விறைப்பு. மஞ்சள் உடல், அதன் மேல் ஆரஞ்சு வரி, அதன் மேல் முகம், அதன் மேல் மூக்கு என்று அடுக்கினால், முகத்தருகே நாலு துணியும் நாலு பசையும் சேர்ந்து அட்டைபோல் ஆகிவிடும். ஊசி போகத் திணறும், பசை ஊசியில் ஒட்டி நூல் அறுபடும். இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. பசைத்தாளின் நடுப்பகுதியை முன்பே வெட்டி எடுத்துவிட்டு, கோட்டுக்கு உள்ளே கால் அங்குல அகல வளையத்தை மட்டும் வைத்துக்கொள்வது. ஓரம் ஒட்டும், நடு மெத்தென்று இருக்கும். மீசை மாதிரி மெல்லிய சமாசாரங்களைத் துணியில் வெட்ட முயலவே வேண்டாம், நூலால் போடுங்கள்.

கண், மூக்கு எல்லாம் வைத்துத்தான் தீர வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தைத்த இரண்டு சித்திரக் குவில்ட்டுகள் இன்றும் இருக்கின்றன. ஒன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். அவற்றில் மனிதர்களும் மிருகங்களும் பெரும்பாலும் வெட்டி வைத்த நிழலுருவங்கள்தான். இருந்தும் கதை புரிகிறது, மிருகம் மிருகமாகவே நிற்கிறது. தூங்கும் பூனைக்கும் வெளிக்கோடு சரியாக விழுந்தால் போதும்.

ஊசியால் மடக்கித் தைப்பது

கோட்டுக்கு வெளியே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் துணி விட்டு வெட்டி, அந்த ஓரத்தை ஊசி முனையால் உள்ளே தள்ளித் தள்ளி, மடிப்பின் விளிம்பில் ஓரிரு நூல் மட்டும் பிடிக்கும்படி தைத்துக்கொண்டே போக வேண்டும். நூல் பூனையின் நிறத்தில் இருக்க வேண்டும், பின்னணியின் நிறத்தில் அல்ல. நைஸ் நூல், நைஸ் ஊசி. சரியாகத் தைத்தால் தையலே தெரியாது.

பூனையின் முதுகு வளைவுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை என்பேன். மடிந்த ஓரம் துணிக்கு லேசான கனம் கொடுக்கும். கழுத்திலிருந்து வால்வரை அந்த வளைவு கொஞ்சம் எழும்பி நிற்கும். தொட்டால் விரலுக்குத் தெரியும். ஒட்டிய பூனை தட்டையாகக் கிடக்கும், இந்தப் பூனை நிஜமாகவே படுத்திருக்கும்.

காதுகளிடம் வரும்போதுதான் சோதனை. காது நுனியில் மடித்த துணி குவியும். ஒரு பக்கம் நுனிவரை தைத்து, நுனியில் ஒரு தையல் கூடுதலாகப் போட்டு, மிச்சத் துணியைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டுத் திரும்ப வேண்டும். இரண்டு காதுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் நேர்மாறு: அங்கே கோடுவரை வெட்டித்தான் ஆக வேண்டும், மடக்கத் துணியே இருக்காது. நெருக்கமாக மூன்று நான்கு தையல் போட்டு நூல் பிரியாமல் பார்த்துக்கொள்ளலாம். உள்வளைவுகளுக்கு மட்டும் சின்னச் சின்னக் கத்தரி வெட்டு கொடுங்கள். வெளிவளைவை வெட்டினால் ஓரம் முனை முனையாகத் துருத்தும்.

விரல் நுனியைவிடச் சிறிய துண்டுகளை மடக்குவது வீண் வேதனை. சைக்கிளின் ஆரக்கால்களை இப்படித் தைக்க நினைப்பவரைத் தடுத்து நிறுத்துவது நண்பர்களின் கடமை. ஆனால் பெரிய, எளிய, வளைந்த உருவம் என்றால் இந்த முறைதான் வெல்லும். நேரம் பிடிக்கும், உண்மைதான். பிடித்த விஷயத்தோடு கூடுதல் நேரம் இருப்பதைக் குறை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கே யாருக்காவது பரிசு தர வேண்டும் என்றால் மட்டும் பசைக்குப் போங்கள்.

வரைபடம் இல்லாமல் வெட்டி இணைப்பது

இம்ப்ராவ் (improv) என்று சொல்கிறார்களே, அது. அளவுகோலும் அச்சும் இல்லாமல் துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, கால் அங்குலம் தையலுக்கு விட்டு இணைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி வெட்டி, மறுபடி இணைப்பது. இதில் பூனையே இருக்காது. ஜன்னல் வெயிலின் கோணம் இருக்கும், ஆரஞ்சும் கடுகு மஞ்சளும் இருக்கும், நிழல் விழுந்த தரையின் சாம்பல் நீலம் இருக்கும். பார்ப்பவர் “இது என்ன?” என்று கேட்பார். பதிலைத் தலைப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

ஏமாற்று வேலை என்று தோன்றலாம். ஆனால் குவில்ட்டுகளைச் சுவரில் ஓவியமாகப் பார்க்கும் பழக்கத்துக்குப் பெரிய உந்துதல் தந்ததே படம் இல்லாத குவில்ட்டுகள்தான். 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குவில்ட்டுகளைச் சுவரில் மாட்டிக் காட்டியபோது, தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்தது வண்ணத்தையும் வடிவத்தையும்தான். அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் பெண்கள் உழைத்துத் தேய்ந்த உடைகளைக் கிழித்துக்கூடக் குவில்ட் தைத்தார்கள். 2002-ல் அவர்களுடைய வேலைகளும் அதே விட்னியின் சுவருக்கு வந்தன. கோணலான ஒரு கட்டம், எதிர்பாராமல் வந்து நிற்கும் ஒரு சிவப்பு. அவ்வளவிலேயே அதைத் தைத்த கை தெரிகிறது.

நமக்குப் பிடித்தது பூனை என்று நினைத்துக்கொண்டிருப்போம். உற்று யோசித்தால் பிடித்தது அந்த மதியத்தின் வெதுவெதுப்பாக இருக்கும். அப்படியென்றால் காதும் வாலும் வெட்டி ஒட்டுவதைவிட, இரண்டு மஞ்சளைச் சரியாகப் பக்கத்தில் வைப்பது அதை நன்றாகச் சொல்லும். மழை, கடல், இசை எல்லாம் இந்த வகைதான். மழையைப் பிடிக்கும் என்றால் குடையைத் தைக்க வேண்டியதில்லை.

இதில் கஷ்டமே நிறம்தான். எல்லாத் துணியும் நடுத்தர அடர்த்தியில் இருந்தால் எத்தனை நிறம் போட்டாலும் மங்கலாகத்தான் தெரியும். துணிகளைப் பரப்பிவைத்து போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றிரண்டைக் கழித்துவிட்டு, மிக வெளிர் ஒன்றும் மிக அடர் ஒன்றும் சேருங்கள். எப்போது நிறுத்துவது என்பது இன்னொரு தொல்லை. 12 அங்குலத்துக்குள் இருப்பதால், நல்லவேளை, சதுரம் நிறைந்ததும் அதுவே நிறுத்திவிடும்.

போட்டோவை அச்சடிப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், எனக்கு உடன்பாடில்லை. காகிதம் ஒட்டிய துணித்தாள்கள் இங்க்ஜெட் பிரிண்டரில் போகும், பிக்மெண்ட் மை என்றால் நிறமும் நன்றாகவே தாங்கும். பூனை அச்சு அசலாக வரும். சொல்ல வேண்டியதைப் போட்டோவே சொல்லி முடித்துவிடுவதால் தையலுக்கு அங்கே வேலை இருக்காது. முகத்தின் குறுக்கே ஒரு கோடு தைத்தாலும் முகம் கெட்டுவிடும்.

போட்டோவைப் பார்த்துத் தைப்பது வேறு விஷயம். அமெரிக்கக் குவில்ட் கலைஞர் பீசா பட்லர் பழைய புகைப்படங்களிலிருந்துதான் தொடங்குகிறார். ஆனால் முகத்தின் ஒளியையும் நிழலையும் துண்டு துண்டு வண்ணத் துணிகளாக மாற்றி அடுக்குகிறார். அங்கே முகம் முழுக்க முழுக்கத் துணியால் ஆனது. அச்சடிப்பதற்கு ஒரு விதிவிலக்கு தருவேன்: குழந்தை வரைந்த படம், அன்பானவர் எழுதிய கடிதம். அங்கே அந்தக் கோடும் கையெழுத்தும்தான் பிடித்த விஷயம். அதை நாம் வெட்டி ஒட்டினால் நம் கோடாகிவிடும்.

தையலும் ஓரமும்

மூன்று அடுக்கையும் பிடிக்கும் தையலைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று தோன்றும். பாதி முடிவு மேலேயே ஆகிவிட்டது. பசை போட்ட துணியில் கையால் தைத்தால் விரல் புண்ணாகும், அதற்கு மெஷின்தான். துணியை நகர்த்தும் மெஷினின் பல்லை இறக்கிவிட்டு, துணியை எந்தப் பக்கமும் நகர்த்தவிடும் ஃப்ரீ மோஷன் ஃபுட் போட்டு, ரோமம் போகும் திசையில் நூலை ஓட்டினால் தட்டையான பூனைக்கும் உயிர் வரும். கையால் மடக்கித் தைத்ததற்குக் கையால் ஓட்டுத் தையல் பொருந்தும். வெட்டி இணைத்ததற்கு இரண்டுமே சரி. நான் நேர்க்கோடுகளை விரும்புவேன், நிறத்தோடு போட்டி போடாது.

பின்னணியை நெருக்கமாகத் தைத்துவிட்டுப் பூனையின் உடலைத் தைக்காமல் விட்டால் உடல் தானாகவே புடைத்து எழும். கம்பளிப் பஞ்சு இதை இன்னும் தூக்கிக் காட்டும், பருத்திப் பஞ்சு அடக்கமாக இருக்கும். நெருக்கமாகத் தைக்கத் தைக்கத் துணி உள்வாங்கும் என்பதால், 12 அங்குலம் வேண்டுமென்றால் 14 அங்குலத்தில் தொடங்கி, தைத்து முடித்தபின் வெட்டிச் சரிசெய்யுங்கள்.

ஓரத்துக்கு பைண்டிங், அதாவது சுற்றிலும் ஒரு துணிப்பட்டையை மடித்துத் தைப்பது, பழகிய வழி. ஆனால் சின்னக் குவில்ட்டில் அது படத்தைச் சுற்றி ஒரு சட்டம் போட்டுவிடும். பூனையின் வால் சதுரத்தைத் தாண்டிப் போவதுபோல் இருக்க வேண்டும் என்றால் ஃபேசிங் போடுங்கள்: பட்டையை முன்பக்கம் வைத்துத் தைத்து, முழுவதும் பின்னால் திருப்பிக் கையால் பிடித்துவிடுவது. முன்னால் எதுவும் தெரியாது. தபால் அட்டை அளவுக்கு இரண்டும் வேண்டாம், சுற்றிலும் நெருக்கமான ஜிக்ஜாக் போதும்.

இரண்டு முறைகளைக் கலக்கலாமா என்றால், தாராளமாக. வெட்டி இணைத்த வெயிலின் மேல், ஓரம் மடக்கித் தைத்த ஒரே ஒரு பூனை. பன்னிரண்டு அங்குலத்துக்கு என் ஓட்டு அதற்குத்தான். இணைப்புத் தையல்கள் குவியும் கனத்த இடத்தில் மட்டும் காது நுனி வந்துவிடாமல் பார்த்து வையுங்கள்.