சக்குலன்ட் இலை வாங்குகிறவர்கள் முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

போன ஆடியில் இன்ஸ்டாகிராமில் ஒருவரிடம் எச்சிவேரியா இலைகள் வாங்கினேன். தடித்த இலைகள் ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும் சக்குலன்ட் செடி அது. பத்து வகை, வகைக்கு இரண்டு, கூரியரோடு 740 ரூபாய். வளர்ந்த செடி ஒன்றே 250, 300 சொல்கிறார்கள். இலையிலிருந்து நாமே கன்று எடுத்தால் பத்து வகையும் வீட்டுக்கு வந்துவிடுமே என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தப்பில்லை. எச்சிவேரியா இலையிலிருந்து நன்றாகவே வரும். எனக்கு வந்தவைதான் வராத இலைகள்.

பார்சல் பார்க்க அழகாக இருந்தது. ஒவ்வொன்றையும் டிஷ்யூவில் சுற்றிப் பெயர் எழுதியிருந்தார்கள். இலையெல்லாம் கொழுகொழுவென்று, மேலே இருக்கும் வெண்பொடிகூடக் கலையாமல் இருந்தது. அடிப்பக்கம் மட்டும் பிளேடால் அறுத்ததுபோல் நேர்கோடாக இருந்தது. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. மூன்று நாள் நிழலில் காயவைத்து, மணலும் கோகோபீட்டும் கலந்த தட்டில் பரப்பினேன்.

பத்து நாளில் ஆறு இலைகள் கண்ணாடிபோல் ஆகி அழுகிவிட்டன. மற்றதில் பாதிக்கு மேல் ஒரு மாதத்துக்குள் வேர் விட்டது. இளஞ்சிவப்பில் நூல் நூலாக அந்த வேரைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. விற்றவருக்குப் போட்டோ அனுப்பினேன். "சூப்பர் அக்கா, இனி கன்று வந்துடும், வெயிட் பண்ணுங்க" என்றார். நம்பினேன். ஐப்பசி போனது, கார்த்திகையும் போனது. இலை அப்படியே இருந்தது, வேரும் இருந்தது, கன்று மட்டும் வரவில்லை. மறுபடி கேட்டபோது "தண்ணி ஜாஸ்தி ஊத்தியிருப்பீங்க" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் "ஒரு மாசத்துக்குள்ள சொல்லியிருக்கணும்க்கா" என்று முடித்துவிட்டார். காத்திருக்கச் சொன்னவரே அவர்தான். எனக்குக் கோபமெல்லாம் இதில்தான்.

மார்கழியில் இங்கே மதுரையில் ஒரு நர்சரிக்குப் போனபோது இரண்டு இலைகளைக் கையோடு எடுத்துப் போனேன். அங்கிருந்த ஐயா புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கண்ணே இல்லையேம்மா. கண்ணில்லாத கரணைய நட்டா கரும்பு வருமா?" என்றார். தன் செடி ஒன்றில் கீழ் இலையைப் பிடித்து இடமும் வலமுமாக மெதுவாக அசைத்தார். டக்கென்று தண்டிலிருந்து முழுசாகக் கழன்று வந்தது. அதன் அடி அறுபடாமல் குவிந்து, ஓரமெல்லாம் ஒழுங்காக இருந்தது. இலை தண்டோடு ஒட்டும் அந்த இடத்திலிருந்துதான் கன்று கிளம்புமாம். அதைத் தண்டிலேயே விட்டுவிட்டு மேலே அறுத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் வேர் விடும், குருத்து வராது. மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

நமக்கெல்லாம் ரணகள்ளி பழக்கம். இலையைப் போட்டால் விளிம்பெல்லாம் குட்டி முளைக்கும். தடித்த இலை எல்லாமே அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். ரணகள்ளிக்குக் கண் விளிம்பில் இருக்கிறது, எச்சிவேரியாவுக்கு அடியில். ஏயோனியம் என்று இன்னொரு சக்குலன்ட், அதற்கு இலையே உதவாது, தண்டு வேண்டும். அதன் இலையை விற்கிறார்கள் என்றால் ஏமாற்றுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்ட்டின் இலைத் துண்டு என்று தனி விலை வைத்து விற்கிறார்கள். துண்டு முளைக்கும், ஆனால் வரும் கன்று வெறும் பச்சையாகத்தான் வரும். மஞ்சள் கரை வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்த கன்றுதான் வாங்க வேண்டும். இதயம் மாதிரி ஒற்றை இலையைச் சின்னத் தொட்டியில் வைத்துத் தருகிறார்களே, ஹோயா, அதுவும் இதே கதைதான். தண்டின் கணு சேர்ந்து வராவிட்டால் வருஷக்கணக்கில் அந்த ஒற்றை இலையாகவே இருக்கும், கொடியாகாது.

அதனால் பணம் அனுப்பும் முன் இலைகளைக் கவிழ்த்து, அடிப்பக்கம் தெரிகிற மாதிரி போட்டோ கேளுங்கள். மேல் பக்கத்தை மட்டும் பத்து போட்டோ அனுப்புகிறவரிடம் வாங்காதீர்கள். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். அடி அறுந்திருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். "வெயிட் பண்ணுங்க" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் காத்திருப்பில்தான் நம் பணம் போகிறது.

நர்சரி ஐயா கழற்றிக் கொடுத்த நான்கு இலைகளை அதே தட்டில், அதே மண்ணில் வைத்தேன். தண்ணீரும் முன்பு ஊற்றிய அளவுதான். தை கடைசியில் மூன்று இலைகளில் கடுகளவு பச்சை எட்டிப் பார்த்தது. இப்போது ஒவ்வொன்றும் சின்ன ரோஜா மொட்டு மாதிரி இருக்கிறது, தாய் இலை சுருங்க ஆரம்பித்திருக்கிறது. 740 ரூபாய் இலைகளில் மிச்சமிருக்கும் இரண்டும் பக்கத்திலேயே, வேரோடு, வந்த நாளில் இருந்த மாதிரியே கிடக்கின்றன.