வாரண்டி 3 வருஷம், கடன் 7 வருஷம்: புது கார் எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஷோரூமில் வாரண்டியை ஒருவர் சொல்வார், கடனை இன்னொருவர் சொல்வார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கார் உண்மையில் மலிவு என்பது தெரியும்.

மாருதி 2024 ஜூலையில் தன் வாரண்டியை 2 வருஷம் / 40,000 கி.மீ. என்பதிலிருந்து 3 வருஷம் / 1,00,000 கி.மீ. ஆக்கியது. டொயோட்டாவும் அதே அளவுதான். ஹூண்டாய், கியா, ஹோண்டா மூன்றும் சொந்த உபயோகக் கார்களுக்கு 3 வருஷம் தருகின்றன, கிலோமீட்டர் வரம்பு கிடையாது. தினம் 90 கி.மீ.க்குள் ஓட்டுபவருக்கு இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. தினம் 150 கி.மீ. ஓட்டினால் ஒரு லட்சம் 22 மாதத்திலேயே தீர்ந்துவிடும். அவர்களுக்கு வரம்பில்லாத வாரண்டிதான் சரி.

எந்த கம்பெனியாக இருந்தாலும் பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் பிளேடு போன்ற தேயும் பொருட்கள் வாரண்டியில் வராது. டயருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்களிடம்தான் போக வேண்டும். எலி கடித்த ஒயரும், மழை வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த இன்ஜினும் இன்சூரன்ஸ் விவகாரம். இன்ஜினுக்கு அதற்கென்று பாலிசியோடு தனி ஆட்-ஆன் (கூடுதல் பாதுகாப்பு) எடுத்திருக்க வேண்டும். சென்னைக்காரர்கள் அதை விடவே கூடாது. க்ளெய்ம் மறுக்கப்படுவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு: சர்வீஸைத் தவறவிடுவது, வெளிக்கடையில் ஒயரை வெட்டி மியூசிக் சிஸ்டமோ லைட்டோ மாட்டுவது. கப்ளர் வைத்துச் செருகும் ஒயரிங் செட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி கடன். 8 லட்சம், 5 வருஷம், 9% என்று வைப்போம். குறையும் அசலுக்கு வட்டி போட்டால் மாதத் தவணை சுமார் 16,607 ரூபாய், மொத்த வட்டி 1.96 லட்சம். அதே 9% ஃப்ளாட் ரேட் (அசல் குறைந்தாலும் கடைசி வரை முழுத் தொகைக்கும் வட்டி) என்றால் தவணை 19,333, வட்டி 3.6 லட்சம், உண்மையான வட்டி விகிதம் கிட்டத்தட்ட 15.7%. அதனால் வாயால் சொல்லும் சதவீதத்தை நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி தர வேண்டிய முக்கிய விவரப் பத்திரத்தை (Key Facts Statement) கேளுங்கள். பிராசஸிங் கட்டணம் உட்பட எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். கடன் நிலையான வட்டியா என்றும் பாருங்கள்; முன்கூட்டி அடைத்தால் அபராதம் பெரும்பாலும் அதில்தான் விழும்.

'குறைந்த வட்டி' சலுகை என்றால், அதை எடுப்பதால் ரொக்கத் தள்ளுபடி எவ்வளவு போகிறது என்று எழுதி வாங்குங்கள். 40,000 தள்ளுபடியை விட்டுவிட்டு வட்டியில் 25,000 மிச்சம் பிடிப்பது நஷ்டம்.

அந்த 8 லட்சத்தையே 7 வருஷமாக இழுத்தால் தவணை 12,871 ஆக இறங்கும், ஆனால் வட்டி 85,000 ரூபாய் கூடும். அதைவிட மோசம், 3 வருஷ வாரண்டி முடிந்தபின் நாலு வருஷம் தவணையும் ரிப்பேர் பில்லும் ஒன்றாக வரும். கடன் 5 வருஷத்தைத் தாண்ட வேண்டாம். நீட்டிப்பு வாரண்டியை அந்த 5 வருஷம் வரை எடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ இன்ஜின் உள்ள காருக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன். முதல் வாரண்டி முடிவதற்குள் வாங்கியாக வேண்டும், தாமதிக்கத் தாமதிக்க விலை ஏறும். அந்தத் தொகையைக் கடனோடு சேர்க்காமல் கையிலிருந்து கட்டுங்கள்.

கடன் முடிந்ததும் வங்கியின் தடையில்லாச் சான்றையும் படிவம் 35-ஐயும் உடனே ஆர்.டி.ஓ.வில் கொடுத்து, ஆர்.சி.யில் அடமானக் குறிப்பை நீக்குங்கள். சான்று காலாவதியானால் மறுபடி வங்கிக்கு அலைய வேண்டும்.